கூரை தொட்ட சுவர்

என் கொள்ளுத் தாத்தா பத்துமலை 1927-இல் மலாயாவின் லகாட் ஊருக்கு வெளியே ஒரு வீடு கட்டினார். செத்தாலும் இந்த வீட்டிலிருந்துதான் தூக்க வேண்டும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். கட்டி முடித்த ஐந்தாம் நாள் அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கொரு இடத்தில் சிரிப்பார்கள். பல்கலைக்கழகம் போய்வந்த முதல் ஆள் நான் என்பதால், எழுதிவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. படித்த பிள்ளை எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். பாவம்.

பத்துமலை பிறந்தது, பால் வெட்டியது, இருளாயியைக் கட்டிக்கொண்டது எல்லாம் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் நீளமான ஒற்றைக் கொட்டகை; பலகை வைத்துத் தடுத்த பதினாலு அறைகள். பலகை ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கூரைவரை திறந்தவெளி. முதல் அறையில் தும்மினால் பதினாலாவது அறையில் 'நூறு' என்பார்கள். பத்துமலை பெண்டாட்டியிடம் வாங்கிய திட்டு, மறுநாள் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவதற்குள் அவர் காதுக்கே திரும்பி வரும், கூடுதல் வரிகளோடு.

பிறகு அவர் தோட்டத்தை விட்டு, ஈயச் சுரங்கங்களுக்கு விறகு வண்டி ஓட்டினார். தோட்டத்திலிருந்து ஒரு மைலில் கொஞ்சம் நிலமும் கிடைத்தது. பல வருஷமாக மனத்துக்குள்ளேயே கட்டிவைத்திருந்த வீட்டை இப்போது மண்ணில் கட்டினார். மழைத் தண்ணீர் ஏறாமல் தரையை மூன்று படி உயர்த்தினார். மாடுகள் வண்டியோடு திரும்ப இடம் விட்டார். அடுப்புப் புகை போகத் தகரக் குழாய் வைத்தார். எல்லாவற்றையும் யோசித்தவர் இருளாயியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திடீரென்று காட்டி அசத்தப் போகிறாராம்.

முக்கியமான ஏற்பாடு சுவர். எல்லாச் சுவரும் கூரையைத் தொட வேண்டும். ஓர் இடுக்கு இருக்கக் கூடாது. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் மாட்டுக் கொட்டகையைப் பார்த்து. சீனத் தச்சர் ஆ லோய் தலையைச் சொறிந்தார்.

"அங்கின் மானா மசோ?" என்று மலாயில் கேட்டு, காற்று எப்படி வரும் என்று கையால் விசிறியும் காட்டினார்.

"காத்து வராட்டி போவுது தவுக்கே. பேச்சு வெளிய போவக்கூடாது."

ஆ லோய்க்குத் தமிழ் புரியவில்லை. பத்துமலை கையால் வாயைப் பொத்திக் காட்டினார். வீட்டில் யாருக்கோ தீராத இருமல் என்று முடிவுகட்டிய ஆ லோய், பரிதாபப்பட்டுப் பலகை இடுக்குகளையும் மெழுகி அடைத்துக் கொடுத்தார்.

பால் காய்ச்சிய அன்று லயமே வந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, யாழ்ப்பாணத்து ஸ்கந்தராஜா, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "என்ன காணும், வீடு கட்டுறன் எண்டு பெட்டகமெல்லே கட்டி வச்சிருக்கிறீர்!"

பத்துமலைக்கு அது பாராட்டாகப் பட்டது.

மறுநாள் அவர் வண்டியோடு போனபின் இருளாயி அடுப்பு மூட்டினார். "வீரம்மா, கொத்தமல்லி இருக்காடி?" என்று பழக்கத்தில் சுவரைப் பார்த்துக் கேட்டார். லயத்தில் இப்படிக் கேட்டால், பக்கத்து அறை வீரம்மாவின் கை பலகைக்கு மேலே கிண்ணத்தோடு நீளும். இங்கே சுவர் சும்மா இருந்தது. நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் தோட்டத்துப் பெரட்டில் போய் நின்றார். அவர் வேலையை விட்டுவிட்டதாகப் பத்துமலை நினைத்திருந்தார். இருளாயி எடுத்திருந்தது நாலு நாள் லீவுதான். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் அவர் பேர் இருந்தது. பேர் இருக்கும்வரை லயத்து அறையும் அவருடையது.

நான் வெகுநாள் பத்துமலை பக்கம்தான் நின்றேன். கூடப் பதிமூன்று குடும்பம் கேட்காமல் பெண்டாட்டியோடு சண்டை போட ஓர் இடம் வேண்டும் என்பது பேராசையா? ஆனால், அந்தப் பெட்டகத்துக்குள் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது அவர் இல்லை என்பது எனக்கு உறைக்கவும் வெகுநாள் ஆயிற்று. இத்தனை படித்தும்.

தானாகத் திரும்பி வருவாள் என்று பத்துமலை மூன்று வாரம் வீம்பு பிடித்தார். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் லயத்துக்குப் போனார்.

"வீட்டுக்கு வா புள்ள," என்று கிசுகிசுத்தார்.

"சத்தமா சொல்லுங்கண்ணே, இங்க விழல," என்றார் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீரம்மா.

"ஒன்ன யாரு கேக்கச் சொன்னா?"

"மூனு வாரமா ஒங்களுக்கு வக்கீலா பேசறதே நாந்தான். நான் கேக்காம?"

இருளாயி குரலைத் தாழ்த்தவே இல்லை. "என்னாய்யா வீடு அது? உள்ள நான் செத்துக் கெடந்தாலும் நீ விறகு எறக்கிட்டு வந்தப்புறந்தான் தெரியும்."

"நம்ம பேச்ச ஊரு கேக்க வேணாமுன்னுதான்..."

"நாம என்னா பேசறோம்? நீ சோறுங்கற, நான் போடறேங்கறேன். இத ஒட்டுக்கேட்டு எவன் என்னா பண்ணப் போறான்?"

நாலு அறை தள்ளி யாரோ சிரித்தார்கள். பத்துமலை எழுந்தார். போய்விடத்தான் எழுந்தார். வாசலில் நின்றவர், என்ன தோன்றியதோ, பதினாலு அறைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கும் அங்க ஒக்கார முடியல. மாட்டுக்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். போதுமா?"

கடைசி அறையிலிருந்து ஒரு குரல்: "மாடு என்னா சொல்லுதுண்ணே?"

இருளாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். அடுப்படியை ஒட்டி இன்னோர் அறை போட வேண்டும். புருஷன் இல்லாத வீரம்மா அதில் வந்து இருப்பார். நடுச்சுவர் கூரையைத் தொடக் கூடாது. தோட்டத்து வேலையைப் பெண்கள் இரண்டு பேரும் விடமாட்டார்கள். ஒரு மைல்தானே, நடந்து போய்க்கொள்வார்கள்.

"லயத்த விட்டு வந்து நானே ஒரு லயத்தக் கட்டவா?" என்றார் பத்துமலை.

"ரெண்டு அறைதானே. சின்ன லயம்."

ஆ லோய் மறுபடி வந்தார். பெரிய ஜன்னலோடு புது அறை எழுந்ததும், நடுச்சுவரை எந்த உயரத்தில் அறுப்பது என்று கேட்டார். பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று, கையை உயர்த்தி, குழம்புக் கிண்ணம் சிந்தாமல் போகும் உயரத்தில் கரியால் கோடு கிழித்தார்கள். ஆ லோய் "கீலா, கீலா" என்று முணுமுணுத்தபடி அறுத்தார். பைத்தியம் என்று யாரைச் சொன்னார் என்பதைப் பத்துமலை விசாரிக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மரத்தூளைப் பெருக்கித் தள்ளியதும் இருளாயி சொன்னார்: "நீ செத்த வெளிய இருய்யா. நாங்க பேசணும்."

பத்துமலை போய் வண்டியில் உட்கார்ந்தார். உள்ளே பேச்சு ஆரம்பித்தது. அவரைப் பற்றித்தான். நன்றாகவே கேட்டது.