இறங்கினால் மறையும் புள்ளி

கம்ப்யூட்டர் கடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட நானே ஒரு முறை சரியாகப் பார்க்காமல் விட்டேன்.

பெட்டி மானிட்டர் போய், தட்டையான எல்.சி.டி. வந்துகொண்டிருந்த சமயம். நெல்லித்தோப்பில் ஒரு சின்ன கிளினிக். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் என்டோஸ்கோபி அங்கே உண்டு. அந்தப் படத்துக்கு நல்ல மானிட்டராகக் கேட்டார் டாக்டரம்மா. கடையில் நாற்காலி போட்டு, திரைக்கு நேரே உட்காரவைத்து, பூப்படம் ஓட்டிக் காட்டினேன். எல்லாருக்கும் அப்படித்தான் காட்டுவோம். "நீ சொன்னா சரிதாம்பா" என்று வாங்கிவிட்டார். பழையது இருந்த உயரமான சுவர் ஸ்டாண்டிலேயே புதியதையும் மாட்டினேன்.

மறுநாளே போன். "படம் இருட்டா இருக்குப்பா." போய் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. இருந்தாலும் பிரைட்னஸைக் கூட்டிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் மறுபடி அதே புகார். ஜன்னல் மூடிய அறை. பகல் என்றே தெரியாது. டாக்டரம்மா பக்கத்து அறையில் இருந்தார். நான் சோதித்துப் பார்ப்பதற்காக, காலையில் எடுத்த பதிவை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினாள் நர்ஸ் செல்வி. ஸ்டூலில் ஏறினேன். ஈரச் சிவப்பில் ஒரு குகை. அதன் ஓரத்து நிழலில் வெளிறிய புள்ளி ஒன்று.

தூசி என்று துடைத்தேன். போகவில்லை. இறங்கி நின்று பார்த்தேன். இல்லை. வெறும் இருட்டு. ஏறினேன். இருந்தது. இறங்கினேன். இல்லை. படம் அசையவே இல்லை. புள்ளி மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது.

"இன்னாண்ணே, பேயப் பாத்த மாதிரி ஏறி ஏறி எறங்குறீங்க?"

"டாக்டரம்மா எங்க நின்னு பாப்பாங்க?"

"நீங்க நிக்கிற எடந்தான். அவங்க உங்க தோள் ஒசரந்தான் இருப்பாங்க. அண்ணாந்துதான் பாப்பாங்க."

அப்போதுதான் உறைத்தது. இந்த வகைத் திரையைக் கீழேயிருந்து பார்த்தால், மங்கலான இடமெல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். நான் இரண்டு முறையும் ஸ்டூலில் நின்றுதான் பார்த்திருக்கிறேன்.

"இது யாரோட படம்?"

"பாகூர் பக்கத்து விவசாயி. ஒன்னுமில்ல, வெறும் கேஸ் ட்ரபுள்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இப்பத்தான் பஸ்ஸுக்குப் போனாரு."

டாக்டரிடம் போய் நான் என்ன சொல்வது? நிஜமாகவே தூசியாக இருந்தால்? 'டாக்டருக்கே வைத்தியம் சொன்னியா' என்று முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார். கதவு வரை போய் இரண்டு முறை திரும்பினேன். மூன்றாவது முறை தட்டிவிட்டேன்.

டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் ஏறினார். வெகுநேரம் இறங்கவில்லை.

"அந்தாளக் கூட்டிக்கினு வாப்பா. ஓடு."

பஸ்ஸை அரியாங்குப்பத்தில்தான் பிடித்தேன். செல்வி சொன்ன அடையாளத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஜிலேபிப் பொட்டலம்.

"ஒன்னுமில்லன்னு சொன்னாங்களே தம்பி?"

"படம் சரியா தெரியலங்க ஐயா. தப்பு என்னுது."

இறங்கி வந்து என் வண்டியில் ஏறிக்கொண்டார். பாலம் தாண்டும்வரை அந்தப் பொட்டலம் என் முதுகில் உரசிக்கொண்டே வந்தது.

மானிட்டரை டாக்டரம்மா கண் மட்டத்துக்கு இறக்கி மாட்டினேன். அவருக்கு மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். புள்ளி அங்கேயே இருந்தது. புற்றுநோயின் தொடக்கம். சின்னதாக இருக்கும்போதே தெரிந்ததால் வைத்தியம் பார்க்க முடிந்தது, பிழைத்துக்கொண்டார்.

இடைப்பட்ட நாட்களின் பதிவுகளையும் டாக்டரம்மா உட்கார்ந்து பார்த்தார். அவற்றில் ஒன்றுமில்லை. முதல் நாள் மட்டும் பதிவே இல்லை. பதிவுக் கருவிக்குப் போகும் கேபிளைச் செருக மறந்து, மறுநாள் போனபோதுதான் செருகியிருந்தேன். அன்று வந்த மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பினார்கள். இரண்டு பேர் வந்தார்கள்.

இப்போதெல்லாம் மானிட்டர் கேட்டு யார் வந்தாலும், "எங்க நின்னு பாப்பீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. கேட்கும்போதெல்லாம் வராத அந்த மூன்றாவது ஆள் நினைவுக்கு வருகிறார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.