கம்போவில் விழுந்த ஒடியல் மா

லூசியானாவுக்குப் படிக்கப் போன மகள், அங்கேயே மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டாள். சரி, அது அவள் விருப்பம். ஆனால் மாப்பிள்ளையின் தாய் எங்களைப் பார்க்க ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம்முக்கு வரப்போகிறா என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே பிள்ளை. முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் ஒப்படைக்கப் போகிறேன். அவ என்ன மாதிரி மனுஷி என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"பேசாமல் கோழிக்கறி ஒண்டு வையுமன்" என்றார் இவர். நான் கேட்கவில்லை. அவவின் ஊர்க் குழம்பான கம்போவைத்தான் காய்ச்சுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

கம்போ லேசுப்பட்ட சாமான் இல்லை. எண்ணெயில் கோதுமை மாவைக் கொட்டி, கறித்தூளுக்கு மல்லி வறுக்கிற நிறம் வரும்வரை கிண்ட வேண்டும். கையை எடுத்தால் கருகிவிடும். பிறகு வெங்காயம், செலரி, குடமிளகாய், நண்டு, இறால், வெண்டிக்காய். இதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கும்பிடு போட வேண்டும். கடலில் கிடைத்ததையும் தோட்டத்தில் கிடைத்ததையும் ஒரே பானையில் போட்டு ஊரையே கூப்பிட்டு இருத்துகிற புத்தி. மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் கூழுக்கும் அதே புத்திதான்.

என் கைக்குப் பழக்கதோஷம். வெண்டிக்காயின் வழுவழுப்புப் போகட்டும் என்று தேசிக்காய்ப் புளி விட்டு, முறுகப் பொரித்து வைத்தேன். லீவுக்கு வந்து நின்ற மகள் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"என்னம்மா செய்தனீங்கள்? அந்த வழுவழுப்பாலதான் கம்போ தடிக்கிறது!"

குழம்பு தண்ணீராய் ஓடியது. சம்பந்தி விமானத்தால் இறங்கி ரயிலிலும் ஏறிவிட்டா. நான் வெண்டிக்காயை வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு, வருவது வரட்டும் என்று ஒடியல் மாவை எடுத்தேன். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மா. கூழைத் தடிப்பாக்க அதுதான் போடுவோம். ஊறவைத்து, கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டுக் கரைத்து ஊற்றினேன்.

வந்து இறங்கிய சம்பந்தி நல்ல உயரமான மனுஷி. மகள் பழக்கிவிட்ட ஒரே தமிழ்ச் சொல் 'ஓம்'. தேத்தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், குளிருதோ என்றாலும் ஓம்.

சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்ததில் ஒரு வாய் வைத்தா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினா. நேரே குசினிக்குள் போய், மூடியைத் திறந்து மணந்து, அகப்பையால் அடியைக் கிளறினா. பக்கத்தில் கிடந்த மா பைக்கற்றைத் தூக்கி மகளிடம் என்னவோ கேட்டா.

"இதையோ போட்டனீங்கள் எண்டு கேக்கிறா. தங்கட ஊரில கம்போ தடிக்கிறதுக்கு ஒரு மரத்தின்ர இலையை இடிச்சுப் போடுறவையாம்."

சம்பந்தி கொஞ்சம் மாவை உள்ளங்கையில் கொட்டி நக்கினா. கசப்பில் முகம் கோணியது, சிரித்தா. பிறகு அடுப்படியில் நின்றபடியே இன்னொரு கோப்பை சாப்பிட்டா. மேசையில் இருந்துகொண்டு பாராட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கேளாமலே என் பானைக்குள் தலையை விட்ட மனுஷியை எனக்கு அப்படியே பிடித்துப்போனது.

வெளிக்கிடும்போது அந்தப் பைக்கற்றை அவவின் கையில் வைத்தேன்.

"அவவிட்டச் சொல்லு பிள்ளை. உனக்கு ஏலாமல் கிடக்கிற நேரம் நான் பக்கத்தில இருக்கமாட்டன். அவவை இதில கூழ் காய்ச்சித் தரச் சொல்லு."

மகள் வாயைத் திறந்தாள். மொழிபெயர்க்காமலே என்னை வந்து கட்டிப்பிடித்தாள். சம்பந்தி அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பைக்கற்றை நெஞ்சோடு அணைத்தா.

"ஓம்" என்றா. இந்த முறை விளங்கித்தான் சொன்னா.