ஓட்டு என்ற சொல்லின் பிறப்பு

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் அதில் நாலு சொல் எங்கே பிறந்தது என்று கேட்டால் சொல்லுவேன். கல்வராயன் மலையில், ஒரு தேர்தல் நாளில் கேட்டது.

நான் வடக்கனந்தல். கூலி வேலை. அந்தத் தடவை ஓட்டுப்பெட்டி தூக்கப் போனேன். கச்சிராயபாளையத்துக்கு மேலே கொஞ்ச தூரம் ஜீப். பிறகு தலைச்சுமை. சாவடி ஒரு பள்ளிக்கூடம். அதிகாரியாக வந்தவர் கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷ் வாத்தியார். காவலுக்கு ஒரு போலீஸ்காரர்.

காலையில் சாவடி திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலர் வந்து போட்டார்கள். அப்புறம் ஒருத்தரும் இல்லை. மீதி ஓட்டெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில்.

சும்மா உட்கார்ந்திருந்தபோது வாத்தியார் சொன்னார். "ஓட்டுங்கிறது இங்கிலீஷ்காரன் சொல். அவனுக்கு லத்தீன்ல இருந்து வந்தது. அங்க அதுக்கு அர்த்தம் வேண்டுதல். சாமிக்கு நேந்துக்கிறது. டிவோஷன்னு பக்திக்குச் சொல்றோமே, அதுவும் அதே வேர்தான். நேந்துக்கிட்டு ஒண்ணைத் தனியா எடுத்து வைக்கிறது."

"அப்ப ஓட்டுப் போட்டா மொட்டை அடிச்சிக்கணுமா சார்?" என்றார் போலீஸ்காரர். அவரே பதிலும் சொன்னார். "நமக்கு எதுக்கு செரமம். ஜெயிச்சவரு வந்து அடிப்பாரு."

வாத்தியார் சிரித்துவிட்டு மேலே சொன்னார். கேண்டிடேட் என்றால் வெள்ளைத்துணி கட்டியவன். அந்தக் காலத்து ரோமாபுரியில் பதவி கேட்டு வருகிறவன் வெளுத்த துணியில்தான் வருவானாம்.

"அங்கயும் அதே வேட்டிதானா!" என்றார் போலீஸ்காரர்.

பேலட் என்றால் சின்ன உருண்டை. முன்னே சீட்டு கிடையாது, உருண்டை போட்டுத்தான் எண்ணினார்களாம். சொல்லுக்கும் ஆதி உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

உச்சிப்பொழுதுக்கு முன்னால் ஓடை அக்கரையில் கூட்டம் தெரிந்தது. நூறு பேர் இருக்கலாம். இறங்காமல் நின்றார்கள். வாத்தியார் போனார், நானும் கூடப் போனேன்.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. ஓடைதான் எல்லை. தேர்தல் தேதி வைத்தவர்களுக்கு இது தெரியவில்லை.

முன்னால் ஒரு பெண் நின்றாள். தலையில் கரகம். அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்து, தூளி கட்டி மலையிறக்கினார்களாம். ஓடையில் வெள்ளம். அரைநாள் கரையிலேயே கிடந்தார்களாம். பிள்ளை பிழைத்தால் கரகம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவள்.

"பாலம் வோணும் சாமி. அதுக்குத்தான் ஓட்டு. பெட்டிய இங்க எடுத்துக்கினு வாங்களேன்" என்றாள்.

"பெட்டி நகரக்கூடாதும்மா."

"நாங்களும் நகரக்கூடாது."

"வேண்டுதலை முறிச்சிட்டு வான்னு நான் சொல்லமாட்டேன்" என்றார் வாத்தியார்.

அவள் பூசாரிப் பக்கம் திரும்பினாள். "கரகத்துல அம்மா போற எடம்தானே எல்லை? அம்மா தாண்டினா?"

"எந்த வருசமும் தாண்டினதில்ல. எதுனா ஆச்சின்னா உம் பொண்ணு மேலதான் வந்து வுடியும்" என்றார் பூசாரி.

பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். ஆறு வயசு இருக்கும். பிறகு தண்ணீரில் கால் வைத்தாள். கரகம் ஆடவில்லை. பூசாரி வேப்பிலையும் மஞ்சள் தண்ணியுமாகப் பின்னால் ஓடினார். மேளத்தோடு ஊரே இறங்கியது.

சாவடியிலிருந்த கட்சி ஏஜெண்டு ஒருவர் ஆத்திரத்தில் குதித்தார். "இன்னா சார் இது? மோளம், சாமி! பிரச்சாரம் இல்லியா?"

வாத்தியார் மேளத்தை ஓடைக்கரையிலேயே நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு ஓட்டுச்சீட்டை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். "கரகம் யாருக்கும் சின்னம் இல்லீங்க. தூரமா மரத்தடியில இருக்கட்டும்."

பூசாரி பள்ளிக்கூடத்தைச் சுற்றி மஞ்சள் தண்ணி தெளித்தார். சாவடி ஊர் எல்லைக்குள் வந்தது. கரகத்தை இறக்கி வைத்துவிட்டு முதலில் அவள் போட்டாள். கடைசி ஆள் போடும்வரை கரகத்தின் பக்கத்திலேயே நின்றாள். சோறு தண்ணி இல்லை. மகள் கையை விடவும் இல்லை.

போகும்போது கேட்டாள். "பாலம் வருங்களா சாமி?"

"எனக்குத் தெரியாதும்மா."

"ஆத்தாவும் கேட்ட ஒடனே குடுக்கலியே" என்று சொல்லிவிட்டுக் கரகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

பல தேர்தலுக்குப் பெட்டி தூக்கியிருக்கிறேன். வேண்டிக்கொண்டு ஓட்டுப் போட்டவள் என்று நான் பார்த்தது அவளைத்தான். அவளை நினைக்காமல் நான் ஓட்டுப் போட்டதில்லை.

அடுத்த தேர்தலுக்கும் அந்த மலைக்கே போனேன். பாலம் வரவில்லை. ஓட்டு அன்றைக்கு விடிந்ததும் நேரே ஓடைக்குத்தான் போனேன். முழங்கால் தண்ணீரில் ஒரு பெண்பிள்ளை துணி அலசிக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டேன். கரகக்காரி மகள் என்றாள்.

"அம்மா?"

"அதோ, ஓட்டு வரிசையில மொதல் ஆளா நின்னுக்கினு இருக்கு."