ரோடு மேலே, வீடு கீழே

ரோட்டை உயர்த்தும் வேலையில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைவிடப் பெரிய பயம், அந்த ரோட்டோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள்தான். நான் மட்டாஞ்சேரிக்காரி. தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். கடல்தண்ணீர் ஏறும் ரோடுகளை என்ன செய்யலாம் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் என்ஜினியர். இதில் வருகிறவர்கள் பேசியது பெரும்பாலும் மலையாளம். நான் தமிழில் சொல்கிறேன். இதே தொழிலில் இருக்கும் நண்பர்களே, உங்களுக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லைதானே?

மஞ்சள் கோடு

கடல்தண்ணீர் வந்து போகும் காயலை ஒட்டிய ரோடு அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி வருவதை இங்கே வேலியேற்றம் என்பார்கள். மழையே இல்லாத நாளிலும் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். முன்பு எப்போதாவது வந்தது. இப்போது அடிக்கடி வருகிறது.

புது ரோடு எந்த உயரத்தில் வரும் என்று காட்ட, நானும் சர்வேயர் ஷாஜியும் ஓரத்துச் சுவர்களில் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டுக்கொண்டே போனோம். மேரி சேச்சி வீட்டில் தையல்கடை வைத்திருப்பவர். மேலே மேலே தார் போட்டதில் அவர் வீடு ஏற்கெனவே பள்ளத்தில் கிடந்தது. எங்கள் கோடு அவருடைய ஜன்னல் விளிம்பில் போய் விழுந்தது. சேச்சி வெளியே வந்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, வாசற்படியிலிருந்து கோடு வரை தானே அளந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “பஸ் நனையாம போகும் மோளே. நான் எந்த வழியா வெளியே வர்றது?”

கண்ணாடியைக் கழற்றியவர்

அன்று சாயங்காலமே எங்கள் சீஃப் என்ஜினியரிடம் போய், உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டேன். குறைத்தால் சில வருஷத்தில் தண்ணீர் திரும்பவும் ரோட்டில் ஏறும் என்றார். எத்தனை வருஷத்தில் சார் என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் பழைய மழைக் கணக்கும் பழைய கடல் மட்டமும்தான். இனி வரப்போவது பாதி அனுமானம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “கடல் எங்கே வந்து நிக்கும்னு யாராவது எனக்கு எழுதிக் கொடுத்தா, ரோடு எங்கே நிக்கணும்னு நான் சொல்லிடுவேன் கோமதி.”

நீல நிறம்

ஸ்கூல் ஹாலில் மக்களைக் கூட்டிப் பேசினோம். பஸ் டிரைவர்கள் இன்னும் உயர்த்து என்றார்கள். வீட்டுக்காரர்கள் தொடாதே என்றார்கள். தண்ணீர் ஏறக்கூடிய இடங்களை நீலத்தில் காட்டும் மேப்பைத் திரையில் போட்டேன். எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடினார்கள். அதே மேப்பில்தான் என் அம்மா இருக்கும் வீடும் நீலமாக இருந்தது. அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார். “மேடம், அந்த நீலத்தைக் கொஞ்சம் வெளுப்பா அடிக்கக் கூடாதா? அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க வீட்டைப் பார்க்க வர்றாங்க.”

ஆம்புலன்ஸ் நின்ற இடம்

ஒரு காலை வேலியேற்றத்தை அளக்கப் போயிருந்தோம். ரோடு எது, ஓரத்து ஓடை எது என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. வந்த வண்டி தண்ணீர் விளிம்பில் நின்றுவிட்டது. ஓடையில் சக்கரம் இறங்கினால் ஏற்றப்போகிற நோயாளியையும் காப்பாற்ற முடியாது என்றார் டிரைவர். அவர் சொன்னது நியாயம்தான்.

வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது மேரி சேச்சியின் கணவர் வர்கீஸ் சேட்டன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஷாஜியும் அக்கம்பக்கத்து ஆட்களும் தூக்கினார்கள். உயரம் அளக்கும் கோலால் தரையைத் தட்டித் தட்டி நான் முன்னால் நடந்தேன். ஓடையின் விளிம்பை நான் தவறவிட்டால் நாற்காலியோடு எல்லோரும் உள்ளே போவார்கள். எப்படியோ கரை சேர்த்தோம், மனிதர் பிழைத்துக்கொண்டார். வண்டியில் ஏறும்போது சேச்சி என் கையைப் பிடித்தார்: “ரோட்டை உயர்த்திக்கோ மோளே. ஆனா எங்களை விட்டுட்டு உயர்த்தாதே.”

ஜன்னல் வழியே

திட்டத்தை மாற்றி எழுதினோம். வீடுகளின் பக்கம் ஆழமான தனி ஓடை, காயல்தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் கதவு, ஒரு பம்ப், பள்ளத்து வீடுகளுக்குத் தரையை உயர்த்த உதவி. முதல் மூன்றும் வந்துவிட்டன. நாலாவது ‘அடுத்த கட்டம்’ என்று நிற்கிறது. அதற்காக நான் ஏறி இறங்காத படி இல்லை.

ரோடு முடிந்த பின் வந்த முதல் வேலியேற்றத்தன்று போய்ப் பார்த்தேன். பஸ் ஓடியது. கதவு தாங்கியது. சேச்சி வீட்டுக்குள் வெள்ளம் இல்லை. ஆனால் தரையிலிருந்து ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. மிஷினைப் பலகைமேல் ஏற்றி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் இறங்குவதற்குள் குரல் வந்தது: “வா மோளே. இப்பல்லாம் ஜன்னல்ல செருப்பு மட்டும்தான் தெரியுது, உன்னோடது நல்லா அடையாளம் ஆயிடுச்சு.”

அடுத்த வேலை, 2018 வெள்ளத்தில் ஆறு பெருகி மூழ்கிய ஆலுவாவில்; அங்கே கடல் கிடையாது, ஆறு மட்டும்தான் என்று ஷாஜி சொல்லித் தேற்றுகிற அளவுக்கு வந்துவிட்டது எங்கள் பிழைப்பு.