வலிக்காத காதுக்கு எண்ணெய்

என் வலது காதில் ஒருநாளும் வலி வந்ததில்லை. ஆனாலும் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அந்தக் காதில் வெதுவெதுப்பாகத் தேங்காயெண்ணெய் விட்டு, பஞ்சை அடைத்து, ஒரு மத்தியானம் முழுக்கப் போர்வைக்குள் என்னைப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் விருந்தாளிகளுக்கு நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மணத்தை மட்டும் மூக்கால் அனுபவித்தபடி, உலகத்திலேயே பெரிய அநியாயக்காரி எங்கள் பெரிய அத்தைதான் என்று நான் முடிவுகட்டினேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அம்மா நாசரேத்தில் படித்தவள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பரிசும் அவளுக்குத்தான் என்று அவளோடு படித்தவர்கள் சொல்வார்கள். "அவ்வளவு படிச்ச பிள்ளைக்கு ஒரு அடுப்பப் பாக்கத் தெரியலியே" என்று அப்பாவின் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான். அம்மா சோம்பேறி அல்ல. காலையில் எழுந்ததிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருப்பாள். துணி காயப்போடக் கொல்லைக்குப் போனவள் கை நிறைய முருங்கைக்கீரையோடு திரும்பி வருவாள். ஈரத்துணி வாளியிலேயே கிடக்கும். கீரையை உருவ உட்கார்ந்தால் பால் பொங்கும். பாலை இறக்கப் போனால் நேற்று தேடிய சாவி அங்கே இருக்கும். சாவியை எடுத்துக்கொண்டு பீரோவுக்குப் போய்விடுவாள், பால் பொங்கிக்கொண்டேயிருக்கும்.

அன்றைக்குச் சின்ன அத்தையை, அதாவது அப்பாவின் தங்கையை, பெண் பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து வருவதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்ததால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் பயந்துதான் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஒத்தாசைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து அப்பாவின் அக்கா, பெரிய அத்தை, காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். பஸ் பிந்திவிட்டது. அப்பா விருந்தாளிகளை அழைத்துவரப் போய்விட்டார்.

அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு சடை முடிந்தது. அதற்குள் உள்ளேயிருந்து சின்ன அத்தை, "மைனி, ஊக்கு எங்க இருக்கு?" என்றாள். வாசலில் பால்காரர் கூப்பிட்டார். கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, கடன் வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கேட்டாள். "மைனி, பூவ எங்க வச்சீய?" என்று மறுபடியும் குரல். அம்மா அடுக்களை நடுவில் போய் நின்றாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் என் ரிப்பன். எதைத் தொடுவது என்று தெரியாதவள்போல் அடுப்பையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"வா" என்றாள் என்னிடம். அவ்வளவுதான். கொல்லை வாசல் வழியாக வெளியே வந்தோம்.

முதலில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர், "எங்க இறங்கணும்?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, "கடைசி வர" என்றாள். ஒரு பக்கம் சடையும் மறு பக்கம் விரிந்த தலையுமாக இருந்த என்னைப் பஸ்ஸே பார்த்தது. எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஜன்னலோரம் கிடைத்திருந்தது. உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. முத்தையாபுரம் பக்கம் சைக்கிள்களில் ஆட்கள் வேலைக்குப் போனார்கள். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. தோணிகளை மட்டுமே பார்த்துப் பழகிய எனக்கு அது தெருவே எழுந்து நிற்பதுபோல இருந்தது.

ஒரு உடைமர நிழலில் உட்கார்ந்தோம். அம்மா கிரேன் மூட்டைகளைத் தூக்குவதையும் இறக்குவதையும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ரொம்ப நேரம் கழித்துப் பெருமூச்சு விட்டாள். என்னைப் பார்த்து, அப்போதுதான் கண்ணில் பட்டதுபோலச் சிரித்து, என் மறு சடையைப் பின்னத் தொடங்கினாள். ரிப்பனை முடிச்சுப் போடும்போது விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"ஐயோ, ஏளா! வீட்டுல ஆள் வந்திருப்பாவளே!"

திரும்பும் வழியெல்லாம் அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஜெபம் பண்ணினாள் என்று நினைக்கிறேன். நானோ, அம்மா எனக்குக் கப்பல் காட்டத்தான் அழைத்துப்போனாள் என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

வாசலில் அந்நியச் செருப்புகள் கிடந்தன. கொல்லை வழியாகவே நுழைந்தோம். அடுக்களையில் பெரிய அத்தை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெற்றியில் கரியோடு நெய்ச்சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். தெருவில் அவள் வந்தால் நாய்கூட ஒதுங்கும் என்று அப்பாவே சொல்வார். அவள் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அம்மா கண் முழுக்கத் தண்ணீர். அத்தை என்னிடம் திரும்பினாள்.

"ஒனக்கு எந்தக் காது வலிக்கி?"

"வலிக்கலையே அத்த."

"வலிக்கி. வலது காது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வார. போய்ப் படு."

சொன்ன கையோடு எண்ணெயைச் சூடாக்கி என் காதில் விட்டாள். பஞ்சை அடைத்தாள். அம்மாவிடம், "மொகத்தக் கழுவிட்டு வந்து, தண்ணி மட்டும் எடுத்துக் குடு. வேற ஒண்ணும் தொடாண்டாம்" என்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்க்க அறைக்குள் வந்தாள். தலையைத் தடவி, "எந்தக் காதும்மா?" என்று கேட்டாள். நான் முனகிக்கொண்டே இடது காதைத் தொட்டுக் காட்டினேன். பஞ்சு வலது காதில் இருந்தது. அந்த அம்மா பஞ்சைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கதவோரம் நின்ற அம்மாவின் சிவந்த கண்ணையும் பார்த்தாள். "ஒரு காதுல வலி எடுத்தா மறு காதுக்கும் போகும்லா" என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். நல்லவேளை, ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். சின்ன அத்தைக்கு வாய்த்த அந்த மாமியாரைப் பிற்பாடு பல வருடம் பார்த்துப் பழகியிருக்கிறேன். அப்படி லேசில் ஏமாறுகிற ஆளே இல்லை.

காது வலிக்காரிக்குக் கறி ஆகாது என்று எனக்கு ரசச்சோறு வந்தது. சம்பந்தம் முடிவாகி, கார் புறப்பட்ட பிறகு அப்பா அடுக்களைக்கு வந்தார். நல்ல கோபம். "எங்க போன நீ? நான் கிளம்பும்போது பிள்ள நல்லாத்தான இருந்துது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "ஏலே, வலி ஒங்கிட்டச் சொல்லிட்டா வரும்? போய் அந்த நாற்காலிய எடுத்துப் போடு."

தன் சொந்தத் தம்பியிடம்கூட அவள் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. அப்பா போனதும் அம்மாவிடம், "அடுத்த தடவ சொல்லிட்டுப் போ. அடுப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். ஏன் போனாய் என்று கேட்கவேயில்லை.

நாற்பது வயதுக்கு மேல், என் சொந்த அடுக்களையில் நானும் அப்படிக் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். அதற்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனச்சிதறல் என்று பெயர் உண்டு, அது பெண்களுக்கும் உண்டு என்று ஒரு டாக்டர் எனக்குச் சொன்னபோது அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. எனக்கு மாத்திரை இருக்கிறது, என்னைப் புரிந்துகொள்ளும் கணவர் இருக்கிறார். அம்மாவுக்கு ஒரு நாத்தனார் இருந்தாள். யோசித்துப் பார்த்தால் அம்மாவுக்கும் குறை வைக்கவில்லை கடவுள்.

ஆனால் காதில் எண்ணெய் விட்ட அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. முதல் நாளே பெரிய அத்தை பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் எங்களையெல்லாம் அடுக்களையிலிருந்து விரட்டினாள். அம்மாவை ஒரு மூலையில் உட்காரவைத்து, தேங்காயையும் துருவியையும் முன்னால் வைத்தாள். "நீ இத மட்டும் பாரு. அந்தப் பக்கம் திரும்பாத." அது முடிந்த பிறகுதான் அடுத்த வேலையைக் கொடுத்தாள். யாராவது அம்மாவைக் கூப்பிட்டால், "எங்கிட்டக் கேளு" என்று இவளே பதில் சொன்னாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் வீட்டு அடுக்களையில் எங்கள் அம்மாவுக்கே மூலையா? அம்மா தலை நிமிராமல் தேங்காய் துருவியபடி மெல்லிய குரலில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தாள். அவமானத்தை மறைக்கத்தான் பாடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் உள்ளே நுழைந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதலாக முதுகைத் தடவிக்கொடுத்தேன். அம்மா பாட்டை நிறுத்தாமல் ஒரு சிட்டிகை தேங்காய்ப்பூவை என் வாயில் போட்டாள். இவ்வளவு கஷ்டத்திலும் என்னை மறக்கவில்லையே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.