காய்ச்சல் விட்டால்

தாம்பரத்தில் ஒரு தியேட்டரில், தூக்குத் தண்டனை சரிதானா என்று கேட்கும் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஜெயில் டாக்டர் கைதியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

என் அப்பாவும் ஜெயில் டாக்டர். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு நாள் அவர் சாப்பாட்டைத் தொடாமல் அம்மாவிடம் சொன்னார்: "தூக்குக்குத் தேதி குறிச்ச ஆளுக்குக் காய்ச்சல், மேரி. சரியானாதான் போடுவாங்களாம். சீக்கிரம் குணப்படுத்துங்கன்னு என்கிட்ட சொல்றாங்க."

அதே வாரம் எனக்கும் காய்ச்சல். அப்பா கொடுத்த மாத்திரைகளை விழுங்காமல் தலையணை உறைக்குள் ஒளித்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா முழுங்கல?"

"சரியாயிட்டா என்னையும் தூக்குல போட்டுடுவாங்களாப்பா?"

அப்பா என்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதார்.

நான்கு நாள் கழித்து, விடியுமுன் ஜீப் வந்து அவரை அழைத்துப் போனது. "அந்த ஆளுக்குக் குணமாயிடுச்சாம்" என்றாள் அம்மா. காலையில் திரும்பிய அப்பா கையைக் கழுவிவிட்டு, என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்தார். நான் அலறிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். நீட்டிய கையோடு அப்பா அங்கேயே நின்றார்.