பழைய ஆயிலுக்குக் காத்திருந்தவர்

திருவொற்றியூரில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், என் வண்டிக்கு ஆயில் மாற்றும் நாளை எதிர்வீட்டு அக்கா எதிர்பார்த்திருப்பார். வடித்த பழைய ஆயிலைத் தன் மீன்வண்டியின் சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் பூசுவார். பூசாவிட்டால் கடல்காற்று இரும்பைத் தின்றுவிடும்.

அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டாமே என்று சிந்தெடிக் ஆயிலுக்கு மாறினேன். இரண்டு மடங்கு தூரம் தாங்கும் என்றார் மெக்கானிக். தாங்கவும் செய்தது. ஆனால் ஆயிலை வேறு யாருக்கோ கொடுக்கிறேன் என்று நினைத்து, அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வலியப் போய் விளக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் அவரே தெருவில் மடக்கினார்.

“இன்னா நைனா, ஆயிலு இப்ப எந்த மகராசிக்குப் போவுது?”

“யாருக்கும் இல்லக்கா. இது புது ஆயிலு. சீக்கிரம் மாத்தத் தேவயில்ல.”

“உன் வண்டி நல்லா கீது. என் வண்டி இன்னா பாவம் பண்ணுச்சு?”

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் டப்பாவோடு மெக்கானிக் கடைக்குப் போனேன்.

“இப்பத்தான மாத்துன மாமு?”

“என் வண்டிக்கில்ல, எதிர்வூட்டு வண்டிக்கு.”

அவர் தன் பீப்பாயிலிருந்து பழைய ஆயிலை நிரப்பிக் கொடுத்தார். சிந்தெடிக் ஆயில் போட்ட பிறகும், அக்காவின் டப்பாவை நிரப்ப முன்பு போலவே அடிக்கடி அந்தக் கடைக்குப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.